தேக்காவில் ஏறிக் குறிஞ்சியில் இறங்குவோம்



கற்றல் பயணம் என்றவுடன் நம் தமிழ்த் துறைகளுக்கு நினைவுக்கு வரும் இடம் ஒன்றே ஒன்றுதான். பேருந்து சிராங்கூன் சாலை ஓரமாய் நிற்கும். மாணவர்கள் இருவர் இருவராகக் கைகோத்து இறங்குவர். பூக்கடை, மளிகைக்கடை, கோயில் கோபுரம், 2015ஆம் ஆண்டிலிருந்து கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், கடைசியில் தோசையோ பரோட்டாவோ. கையில் ஒரு பயிற்சித்தாள். அதில் நிரப்ப வேண்டிய கோடிட்ட இடங்கள். மதியத்திற்குள் பள்ளிக்குத் திரும்பி விடுவோம்.

நானும் இப்பயணத்தைப் பலமுறை வழிநடத்தியவள்தான். அதைக் குறைகூற நான் வரவில்லை. அடுக்குமாடிப் புளோக்கில் வளரும் பிள்ளைக்கு வெற்றிலையையும் கதம்பத்தையும் கண்ணால் காட்டுவது நல்ல செயலே. அப்பகுதியை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர் என்று கூறும்போது பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் வியப்பும் எனக்குப் பிடிக்கும். ஆனால் தொடக்கநிலை இரண்டிலும் அங்கே, நான்கிலும் அங்கே, ஆறாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின் பொழுதுபோக்கிற்கும் அங்கேயே என்றால், அந்தப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? தமிழ் என்பது இந்த நான்கைந்து தெருக்களில் வாழும் மொழி. இத்தெருக்களைத் தாண்டினால் அதற்கு வேலை இல்லை என்ற முடிவுக்கு வரும்.

இது வெறும் அச்சம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் புக்கிட் தீமா வனப்பகுதியின் நுழைவாயிலில் என் மாணவன் ஒருவனிடம், விழுந்து கிடந்த ஒரு பெருமரத்தைக் காட்டி, "இது எப்படிப்பா விழுந்திருக்கும்?" என்று கேட்டேன். அவன் மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சர், இங்கேயும் தமிழ்லதான் பேசணுமா?" என்றான். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே ஐயம் தெளியக் கேட்டான். காடு அறிவியல் பாடத்தைச் சேர்ந்தது, அறிவியல் பாடம் ஆங்கிலத்தைச் சேர்ந்தது. அவனுடைய கணக்கு அவ்வளவுதான். அக்கணக்கை அவனுக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் நாமல்லவா?

ஆகவே என் கருத்தை நேரடியாகவே சொல்லி விடுகிறேன். ஆறாண்டுத் தொடக்கப்பள்ளி வாழ்வில் ஒரு நாளேனும் தமிழ் வகுப்பு ஒரு பேருந்தில் ஏறி, இத்தீவின் பாறையையும் காட்டையும் சேற்றையும் கடல்முனையையும் சுற்றி வரவேண்டும். அந்த நாள் முழுவதும் தமிழிலேயே நிகழவேண்டும்.

சிங்கப்பூரில் மலையா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். புக்கிட் தீமாவின் உயரம் 163 மீட்டருக்குச் சற்று அதிகம். பினாங்குக் கொடிமலையோடு ஒப்பிட்டால் அதை மேடு என்றே சொல்லலாம். ஆனால் அதன் அடியில் இருப்பது இருபது கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கருங்கல். ஒன்றரை மீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு பிள்ளை அந்தப் பாறைச் சுவரின் முன் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, அதற்கு அது மலைதான்.

பெற்றோர் ஒருவர் தம் பிள்ளைகளோடு செல்வதென்றால் செலவும் மிகுதியில்லை. தேக்காவுக்கு அருகில் 170ஆம் எண் பேருந்தில் ஏறலாம். குவீன் ஸ்திரீட்டில் புறப்பட்டு ஜோகூர் வரை செல்லும் அப்பேருந்து, கால்வாயை ஒட்டிய புக்கிட் தீமா சாலை நெடுகவும் ஓடுகிறது. பெரும்பாலான நம் மக்களுக்கு அது ஜோகூர் பாருவுக்குப் பொருள் வாங்கச் செல்லும் வண்டி! அதே வண்டி குன்றின் அடிவாரத்தையும் கிராஞ்சியின் விளிம்பையும் தொட்டுச் செல்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பேருந்திலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. 1825ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து சென்னை மாநிலத்துக் கைதிகள் முதன்முதலாக இங்கே கொண்டுவரப்பட்டனர். 1873 வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக் காலம், இந்தியக் கைதிகள் இத்தீவில் சதுப்பைத் தூர்த்தனர். காட்டை வெட்டிச் சாலை போட்டனர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்று இஸ்தானா எனப்படும் அன்றைய ஆளுநர் மாளிகையையும் கட்டினர். கோயில் கட்டிய வணிகர்களைப் பற்றி நம் பாடங்களில் நிறைய உண்டு. சாலை போட்டவர்களைப் பற்றிச் சொல்ல, ஓடுகின்ற சாலையைவிடப் பொருத்தமான இடம் வேறெது?

மேல் புக்கிட் தீமா சாலையை அடைந்ததும் தலைக்குமேல் ஓர் இரும்புப் பாலம் குறுக்கிடும். 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு அதன்மேல் மலாயா ரயில் ஓடுவது நின்றுவிட்டது. இன்று அது நடைபாதை. அந்தத் தண்டவாளங்களைப் பராமரித்தவர்களுள் தமிழர் பலர். தம் தாத்தா ரயில்வேயில் வேலை செய்தவர் என்று சொல்லும் பிள்ளை வகுப்புக்கு ஒருவராவது இருக்கும். அந்தப் பிள்ளையைப் பேச விடுங்கள், நீங்கள் பேசாதீர்கள்.

குன்றின் அடிவாரத்தில் இறங்கி ஹிண்டீட் பூங்காவுக்குள் சிறிது தொலைவு நடந்தால் பழைய கல்குவாரி. செங்குத்தாக வெட்டப்பட்ட பாறை, அதன் காலடியில் பச்சை நிறத்தில் தேங்கிய மழைநீர். என் வகுப்பில் இவ்விடத்தில் ஒரு வாதம் எழுந்தது. இத்தண்ணீரை எப்படி அழைப்பது? குளம் என்றாள் ஒருத்தி. குளம் என்றால் மனிதன் நீருக்காக வெட்டியது. இது கல்லுக்காக வெட்டியது என்றான் இன்னொருவன். சுனை என்று நான் ஒரு சொல்லைத் தந்தேன். சுனை தானாக ஊறுவது என்று விளக்கியவுடன் அவர்களே அதை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். முடிவில் "கல்லுக்குழித் தண்ணீர்" என்று ஒரு பெயரை அவர்களாகவே வைத்தனர். இலக்கணம் கேட்பவர்கள் கேட்கட்டும். என் பணிக்காலத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் தமிழ்ச் சொல்லுக்காகச் சண்டையிட்டதை நான் கண்டது அபூர்வம்.

இங்கே வெட்டிய கல் எங்கே போயிற்று என்று கேளுங்கள். ஒரு பகுதி ஜோகூர்க் கடற்பாலத்தில் இருக்கிறது. 1924இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட அப்பாலத்திற்குப் புக்கிட் தீமாவிலிருந்தும் புலாவ் உபினிலிருந்தும் கருங்கல் சென்றது. அதற்கும் முன்னர், 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்திற்கு உபின் தீவுக் கல்லே பயன்பட்டது. கல்லும் பயணம் செய்யும் என்பதைப் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள்.

இனி, நான் சொல்லவந்ததன் மையத்திற்கு வருகிறேன். நாம் உயர்நிலைப் பள்ளியில் ஐந்திணை என்று கற்பிக்கிறோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஒரு கட்டம் போட்டு, நிலம், தெய்வம், மரம், பறவை என்று நிரப்பி, மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். தொடக்கநிலையில் அப்பெயர்கள் வேண்டியதில்லை. ஆனால் அப்பெயர்கள் குறிக்கும் நிலங்களைப் பத்து வயதிலேயே காலால் தொட்டுவிட்ட பிள்ளைக்குப் பதினைந்து வயதில் அந்தக் கட்டம் தேவைப்படாது.

வேங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சிக்குரிய மரம். நம் சாலையோரங்களில் நிழல் தரும் அங்சானா மரம் வேங்கையின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். ஆண்டில் ஓரிரு நாள் அங்சானா பூத்துக் கொட்டி, வீவக கார் நிறுத்துமிடம் முழுவதும் மஞ்சளாகிவிடும். நாம் பூவை மிதித்துக்கொண்டு போய் வகுப்பில் "வேங்கை என்பது ஒரு மரம்" என்று எழுதிப் போடுகிறோம். வேங்கை என்பது புலிக்கும் பெயர் என்று சொல்லிவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவின் கம்பீர், மிளகுத் தோட்டங்களில் வேலை செய்தவர்களைப் புலி அடித்துக் கொன்றதையும், கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டதையும் சொல்லிப் பாருங்கள். பேருந்தே அமைதியாகிவிடும். அடிவாரத்தில் நம்மை முறைத்துப் பார்க்கும் குரங்குகளில் பெண் மந்தி, ஆண் கடுவன். இவ்விரண்டு சொற்களையும் யாரும் பயிற்சித்தாளில் எழுதவில்லை, இன்றுவரை மறக்கவுமில்லை.

முல்லையைப் பேருந்துச் சன்னலிலேயே பார்த்துவிடலாம். மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டின் ஓரத்தில் போகும் எந்தச் சாலையும் போதும். மருதம்? லிம் சூ காங் பக்கத்துக் கீரைத் தோட்டங்களை மருதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெல் இல்லாத மருதமா! அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்து சுங்கை புலோ பக்கம் செல்கிறது. இந்தச் சதுப்புநிலம் தப்பிப் பிழைத்த கதையே ஒரு பாடம். 1980களின் பிற்பகுதியில் பறவை ஆர்வலர்கள் சிலர் அரசிடம் முறையிட்டு வாதாடியதன் பயனாக, 1993இல் இது பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற வனப்பகுதியாயிற்று. அந்த முயற்சியில் பங்கேற்றவர்களுள் ஒருவர் சுபராஜ் ராஜதுரை. 2019இல் மறைந்தார். வணிகரையும் அமைச்சரையும் எழுத்தாளரையும் முன்னோடிகள் என்று படம் ஒட்டும் நம் வகுப்பறைச் சுவர்களில், பறவைகளுக்காக வாழ்நாளைச் செலவிட்ட இம்மனிதரின் படத்தை நான் கண்டதில்லை.

சுங்கை புலோவில் நான் எப்போதும் தேடிக் காட்டும் மரம் ஒன்று உண்டு. தில்லை. ஆம், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். பிச்சாவரத்துக் கழிகளில் வளரும் அம்மரம் இந்நாட்டுச் சதுப்பிலும் இயற்கையாகவே வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. மலாய்க்காரர் அதைப் பூத்தா பூத்தா என்கின்றனர். பூத்தா என்றால் குருடு. ஒரு மரத்தில் தமிழர் கண்டது தெய்வத்தின் இருப்பிடம். மலாய்க்காரர் கண்டது எச்சரிக்கை. இரண்டும் அம்மரத்தைப் பற்றிய உண்மைகளே. தில்லை நடராசர் என்று நாள்தோறும் வீட்டில் கேட்கும் பிள்ளை, தில்லை என்பது சேற்றில் வளரும் மரம் என்று அறிந்த கணத்தில் "அப்ப அது மரமா?" என்று கத்தியது இன்றும் என் காதில் நிற்கிறது. அருகிலேயே கண்டல், அலையாத்தி. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று சொன்னால் அறிவியல் பாடமும் அதற்குள் முடிந்துவிடுகிறது. (அந்தச் சேற்றில் காலணி சிக்காமல் இருக்கப் பலகைப் பாதையிலேயே நடக்கச் சொல்லுங்கள். பெற்றோர் எனக்கு எழுதிய குறிப்பேட்டுச் செய்திகளில் பாதி வெள்ளைக் காலணியைப் பற்றியவை.)

தனிப் பேருந்து வைத்திருந்தால் அன்று பிற்பகலே லேப்ரடார் முனைக்குப் போய்விடலாம். பொதுப் பேருந்தில் என்றால் அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. பெருந்தீவில் பொதுமக்கள் சென்று பார்க்கக்கூடிய இயற்கையான கடற்பாறைச் செங்குத்து அங்கேதான் எஞ்சியுள்ளது. பழங்காலக் கப்பலோட்டிகள் அடையாளமாகக் கொண்ட 'டிராகன் பல் வாயில்' என்னும் பாறை இப்பகுதியில்தான் நீரில் நின்றிருந்தது. நீர்வழியை அகலமாக்க 1848இல் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். இன்று கரையில் நிற்பது 2005இல் வைக்கப்பட்ட மாதிரி.

பாலைக்கு எங்கே போவது? முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது நம் முன்னோர் கண்ட இலக்கணம். இந்நாட்டில் அது வேறுவிதமாக நடந்தது. 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்பிற்காகப் பிடோக், சிக்லாப் பகுதிகளின் குன்றுகளை வெட்டி, அம்மண்ணைக் கடலில் கொட்டினர். குறிஞ்சி போய் நெய்தலில் விழுந்து புதுநிலமாயிற்று! 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த இந்நாட்டின் பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. என் மாணவர்களில் பலர் அந்தப் புதுநிலத்தில்தான் குடியிருக்கின்றனர். வீடில்லாதோர்க்கு வீடு கிடைத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "உன் வீடு நிற்குமிடம் முன்பு என்னவாக இருந்தது?" என்ற கேள்விக்குக் குன்று, சரிவு, அலை, கரை, திட்டு என்ற சொற்கள் இல்லாமல் விடை சொல்லமுடியாது. அச்சொற்கள் தேவைப்படும்போதுதான் பிள்ளை அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சங்கத் திணையைக் கொண்டுவந்து மலாய்த் தீவின்மேல் ஒட்டுவது பொருந்துமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இந்நிலத்துக்கு நம்மைவிட முன்பே பெயர் வைத்தவர்கள் மலாய் மக்கள். ஆதலால் நான் முதலில் அப்பெயர்களைத்தான் பிரித்துக் காட்டுவேன். புக்கிட் குன்று, சுங்கை ஆறு, புலோ மூங்கில், புலாவ் தீவு, தஞ்சோங் முனை. மூங்கிலாறு என்று சுங்கை புலோவை ஒரு மாணவி பெயர்த்தபோது அது தமிழகத்து ஊர்ப்பெயர் போலவே ஒலித்தது. நிலத்தை உரிமை கொண்டாட அன்று, பார்க்கக் கற்பதற்கே திணை. அப்படிக் கொண்டால் முரண் இல்லை.

"ஓரல்ல மார்க் கூடுமா டீச்சர்?" என்று கேட்ட தாயார் ஒருவருக்கும் இங்கே விடை சொல்லிவிடுகிறேன். கூடும் என்று நான் உறுதி தரமாட்டேன். வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சி ஒன்றைக் காட்டி உரையாடச் சொல்கின்றனர். சுற்றுச்சூழல் பற்றி வந்தால், மனப்பாடம் செய்த ஐந்து வரிகளைச் சொல்லும் பிள்ளையும் உண்டு. தான் பார்த்த மந்தியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும் பிள்ளையும் உண்டு. எதைக் கேட்க அவருக்கு விருப்பம் என்று அத்தாயாரையே கேட்டேன். சிரித்துவிட்டார்.

ஆசிரிய நண்பர்களுக்கு உண்மையான தடை வேறு. பூங்காக்களில் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுவர். அவர்களிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டால், அது ஆங்கிலப் பயணமாகவே முடியும்; தமிழாசிரியர் தலை எண்ணும் பணியாளராகி விடுவார். இதற்கு ஒரே வழிதான் உண்டு. ஆசிரியர் ஒருமுறை தனியாகப் போய்வர வேண்டும். தேசியக் கல்விக் கழகத்தில் நமக்குப் பாடத்திட்டம் வகுக்கக் கற்றுத்தந்தனர்; இலையைப் பார்த்து மரத்தின் தமிழ்ப்பெயர் சொல்லக் கற்றுத்தரவில்லை. அதை நாமேதான் தேடிக்கொள்ளவேண்டும். புன்னை, தாழை, கண்டல், தில்லை என்று நான்கு மரம். பாறை, சரிவு, முகடு, கழி, முனை என்று ஐந்து நிலம். மந்தி, கடுவன், கொக்கு, உடும்பு. பதினைந்துக்கு மேல் வேண்டா. பயிற்சித்தாளும் வேண்டா, குனிந்து எழுதும் பிள்ளைக்கு உடும்பு தெரியாது.

2010இல் வீட்டில் தமிழையே பெரிதும் பேசியோர் நம் குடியிருப்பாளரில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. ஒருநாள் பேருந்துப் பயணம் அவ்வெண்ணை மாற்றிவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் வீட்டில் கிடைக்காத தமிழ் வகுப்பறைக்குள் மட்டுமே கிடைத்தால், அது எழுந்து நின்று விடை சொல்வதற்கு மட்டுமே பயன்படும் மொழியாகிவிடும். வெயிலில், வியர்வையில், "அங்கே பார்!" என்று கத்துவதற்கும் அது பயன்பட வேண்டும்.

பயணத்தைத் திட்டமிடுவோர்க்கு ஒரு குறிப்பு. ஜூன் விடுமுறையில் சுங்கை புலோவில் வலசைப் பறவைகள் இரா. சைபீரியா போன்ற வடநிலங்களிலிருந்து அவை செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச்சு வரை தங்குகின்றன. நவம்பர், டிசம்பரில் மழை. செப்டம்பர் விடுமுறை வாரமும் மார்ச்சு விடுமுறை வாரமும் ஏற்றவை. வற்றின கடலில் சேறு தெரியும் நேரத்தில் கொக்குகள் நன்றாகத் தென்படும். ஆகவே ஓதநேரத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்துக்குச் சொல்லுங்கள். தண்ணீர்ப் புட்டி ஆளுக்கு இரண்டு. குரங்குகளின் பார்வையில் படும்படி ரொட்டிப் பையைக் கையில் பிடிக்கவேண்டாம்.